வீட்டில் விமானம் ஓட்ட அல்ட்ராவைட் மானிட்டர்: சென்னையில் வாங்கப்போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நங்கநல்லூர் மொட்டைமாடியில் நின்று, இறங்கும் விமானங்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் (கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் மென்பொருள்) வந்ததிலிருந்து வீட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரும் உண்டு, இதற்குள் மூன்று மானிட்டர் மாற்றியாயிற்று. நண்பர்களும் சொந்தக்காரப் பையன்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைக் கேட்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

அல்ட்ராவைட் வாங்கினால் படம் பெரிதாகத் தெரியுமா?

அகலமாகத் தெரியும். பெரிதாகத் தெரியாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்: 27 அங்குல சாதாரண மானிட்டர் சுமார் 60 செ.மீ. அகலம், 33.5 செ.மீ. உயரம். 34 அங்குல 21:9 (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) அல்ட்ராவைட் 80 செ.மீ. அகலம், உயரம் அதே 33.5. கடையில் பிரம்மாண்டமாக நிற்கும் 49 அங்குல 32:9 திரை 120 செ.மீ. அகலம், உயரமோ ஏறக்குறைய 34 தான். மூன்றும் ஒரே உயரம். 27-ஐ விட்டு 49-க்குப் போனால் இரண்டு 27 அங்குலத் திரைகளை நடுவில் சட்டம் இல்லாமல் ஒட்டி வைத்தது போல், அவ்வளவுதான்.

இப்போது உங்களிடம் 32 அங்குல 16:9 திரை இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். அதன் உயரம் 40 செ.மீ. அதிலிருந்து 34 அங்குல அல்ட்ராவைட்டுக்கு வந்தால் பக்கவாட்டில் 9 செ.மீ. கூடும், உயரத்தில் 6 செ.மீ. குறையும். வாங்கி வந்த முதல் நாளே "என்னப்பா, சின்னதாப் போச்சு" என்று தோன்றும்.

அப்படியானால் ஓட்டும்போது என்ன பலன்?

சென்னையில் ரன்வே 25-க்கு இறங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் பக்கமிருந்து பட்டினப்பாக்கம், சாந்தோம் கரையைத் தாண்டி, கோட்டூர்புரம் வழியாகக் கிண்டிப் பக்கம் வருகிறீர்கள். சாதாரணத் திரையில் நேராக ரன்வேயும் டாஷ்போர்டும் தெரியும். அல்ட்ராவைட்டில் இடப்பக்கம் கிண்டிக் காட்டின் பச்சை நகர்ந்து போவதும், கடைசியில் வலப்பக்கம் பரங்கிமலை ஒதுங்குவதும் கண்ணின் ஓரத்தில் படும். அந்த ஓரப் பார்வைதான் வேகத்தையும் சாய்வையும் உடம்புக்குச் சொல்கிறது. ரன்வே மேல் வந்து மூக்கைத் தூக்கும் நேரத்தில், தரை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதை இரண்டு பக்கமும் ஓடும் தரையைப் பார்த்துத்தான் உணர முடியும். என் லேண்டிங் மென்மையானது 34 அங்குலத்துக்கு மாறிய பிறகுதான், இதை மனதார சொல்கிறேன்.

ஆனால் செஸ்னா போன்ற சிறிய விமானத்தில் ரன்வேயைச் சுற்றி வந்து இறங்கும் போது, ரன்வே உங்கள் தோளுக்கு நேராகவும் பிறகு தோளுக்குப் பின்னாலும் இருக்கும். அதை எந்த அல்ட்ராவைட்டும் காட்டாது, 49 அங்குலமும் காட்டாது. அதற்குத் தலையைத் திருப்பித்தான் ஆக வேண்டும், கீழே அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

34, 38, 45, 49, எந்த அளவு வாங்கலாம்?

முதலில் மேஜையை அளங்கள், அப்புறம் அங்குலத்தைப் பேசலாம். நம் ஊர் வீடுகளில் கம்ப்யூட்டர் மேஜை பெரும்பாலும் இரண்டடி ஆழம், அதாவது 60 செ.மீ. அதில் மானிட்டர் ஸ்டாண்டு பின்னால் கால்வாசியைத் தின்றுவிடும், முன்னால் யோக் (விமானத்தின் ஸ்டீயரிங் போன்ற கருவி) உட்கார்ந்தால் அது ஒரு அடி எடுத்துக்கொள்ளும், யோக் கம்பி உங்களை நோக்கி வெளியே வேறு வரும். கடைசியில் கண்ணுக்கும் திரைக்கும் இடையில் 90 செ.மீ. ஆகிவிடும்.

இதன் விளைவு என்ன தெரியுமா? 70 செ.மீ. தூரத்தில் 27 அங்குலத் திரை கண்ணுக்கு 46 டிகிரி விரிகிறது. 34 அங்குலம் 60 டிகிரி. அதே 34 அங்குலத்தை 90 செ.மீ. தள்ளி வைத்தால் 48 டிகிரி. அதாவது யோக்கை நடுவில் வைத்ததாலேயே, காசு கொடுத்து வாங்கிய அகலம் முழுவதும் போய், பழைய 27 அங்குலத்துக்கே திரும்பி வந்துவிட்டீர்கள். இருபது செ.மீ. தூரம் ஏழு அங்குலத்தை விழுங்கிவிடுகிறது. அதனால் நான் எல்லாரிடமும் சொல்வது இதுதான்: அங்குலத்துக்குக் காசு போடுவதற்கு முன் தூரத்தைக் குறையுங்கள். ஸ்டாண்டை எடுத்துவிட்டு மானிட்டர் ஆர்ம் போடலாம், அல்லது சுவரில் மாட்டலாம், மேஜையைச் சுவரிலிருந்து சற்று முன்னால் இழுத்து, திரை மேஜைக்குப் பின்னால் தொங்கும்படி வைத்து யோக்குக்கு இடம் விடலாம், எப்படியாவது கண் 65-75 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும்.

யோக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. யோக்கின் பெட்டியும் கைப்பிடியும் திரையின் அடிப்பகுதியை மறைக்கும். 33.5 செ.மீ. உயரத்தில் அடியில் 8 செ.மீ. மறைந்தால் எஞ்சின் அளவுமானிகள் போய்விட்டன என்று அர்த்தம். திரையைத் தூக்கி வைக்க வழி இருக்கிறதா பாருங்கள்.

பழைய செய்தித்தாளை 80 × 34 செ.மீ. அளவில் வெட்டி, திரை வரும் இடத்தில் இரண்டு நாள் ஒட்டி வையுங்கள். 49 வாங்குவதாக இருந்தால் 120 × 34. நாற்காலியில் உட்கார்ந்து, கையில் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். பீரோ கதவு திறக்கிறதா, ஜன்னல் மூடுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பத்துக்குப் பத்து அறையில் நான்கடித் திரை வைத்துவிட்டு பீரோவை ஹாலுக்குத் தள்ளிய வீட்டை எனக்குத் தெரியும்.

என் கணிப்பு: பெரும்பாலானவர்களுக்கு 34 அங்குலம் சரி. 38 அங்குலம் 89 செ.மீ. அகலமும் 37 செ.மீ. உயரமும் உள்ளது, அந்தக் கூடுதல் உயரம் காக்பிட்டுக்கு ரொம்பவே உதவும், நல்ல விலையில் கிடைத்தால் விடாதீர்கள்.

ரெசல்யூஷன் எவ்வளவு வேண்டும்?

34 அங்குலத்தில் 3440 × 1440 பிக்சல் (திரைப் புள்ளிகள்). இதற்குக் கீழே போகாதீர்கள்.

நான் முதலில் வாங்கிய 34 அங்குலம் 2560 × 1080. "அல்ட்ராவைட் எல்லாம் ஒன்றுதான் சார்" என்று கடையில் சொன்னார்கள், நம்பி வாங்கிவிட்டேன். வீடு வந்து ஏ320 பயணிகள் விமானத்தில் உட்கார்ந்தால் எம்சிடியூ (பயணத் திட்டத்தைத் தட்டும் சின்னத் திரை) எழுத்துகள் கலங்கலாக இருக்கின்றன, உயரத்தைப் படிக்க ஒவ்வொரு முறையும் ஜூம் செய்ய வேண்டியிருந்தது, இறங்கும் நேரத்தில் யார் ஜூம் செய்துகொண்டிருப்பது? ஒரு அங்குலத்துக்கு 82 பிக்சல்தான் அதில். 3440 × 1440 என்றால் 110 வரும், 49 அங்குல 5120 × 1440-ம் ஏறக்குறைய அதே அடர்த்தி. 45 அங்குலத்தில் வரும் 3440 × 1440 திரைகள் 83-க்கு இறங்கிவிடும், அவற்றைத் தள்ளி உட்கார்ந்து பார்த்தால்தான் அழகு. படம் ஓடுகிற திரை வேறு, அளவுமானி படிக்கிற திரை வேறு.

என் கிராபிக்ஸ் கார்டு தாங்குமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 2560 × 1440 என்றால் சுமார் 37 லட்சம் பிக்சல். 3440 × 1440 என்றால் 49.5 லட்சம். 3840 × 1600 என்றால் 61 லட்சம். 5120 × 1440 என்றால் 74 லட்சம். 4கே 83 லட்சம். 57 அங்குலத்தில் வரும் 7680 × 2160 ஒரு கோடியே 66 லட்சம், அது இரண்டு 4கே திரைக்குச் சமம். இப்போது 1440 சாதாரணத் திரையில் நொடிக்கு 45 ஃப்ரேம் (படம்) ஓடுகிறது என்றால் 34-க்கு மாறும்போது கார்டுக்கு மூன்றில் ஒரு பங்கு வேலை கூடும், 49-க்கு மாறினால் வேலை இரண்டு மடங்காகும்.

ஆனால் விமான சிமுலேட்டரில் பாதி நேரம் திணறுவது கார்டு இல்லை, பிராசஸர். பெரிய விமான நிலையத்தில், நிற்கிற விமானங்களும் கட்டடங்களும் நெருக்கமாக இருக்கும் இடத்தில், கார்டு சும்மா இருக்கும், பிராசஸர் மூச்சுவாங்கும். மானிட்டர் வாங்குவதற்கு முன் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் டெவலப்பர் மோடில் ஃப்ரேம் கணக்கைத் திறந்து பாருங்கள். "மெயின் த்ரெட்" (பிராசஸரின் முக்கிய வேலை) தான் தடுக்கிறது என்று வந்தால் உங்கள் கார்டில் இன்னும் இடம் இருக்கிறது, பெரிய திரைக்குத் தைரியமாகப் போகலாம். கார்டு தடுக்கிறது என்று வந்தால் மானிட்டரைத் தள்ளிப்போட்டு கார்டை மாற்றுங்கள். கார்டு மெமரி 8 ஜிபி இருந்தால் அல்ட்ராவைட்டில் இறுக்கமாக இருக்கும், 12-ம் அதற்கு மேலும் நிம்மதி.

டிஎல்எஸ்எஸ் (குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) போட்டுச் சமாளிக்கலாமே என்று கேட்பார்கள். போடலாம், வெளிக்காட்சி நன்றாகவே இருக்கும். காக்பிட்டின் கண்ணாடித் திரைகளில் ஓடும் எண்கள் மட்டும் நிழல் விட்டு இழுக்கும், வேகமும் உயரமும் மாறும்போது நன்றாகக் கண்ணில் படும். குவாலிட்டி அளவுக்குக் கீழே இறக்காமல் பாருங்கள்.

144 ஹெர்ட்ஸ், 240 ஹெர்ட்ஸ், எது?

ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது. 100-க்கு மேல் எதுவானாலும் போதும். இது சுடும் விளையாட்டு இல்லை, 40 ஃப்ரேம் நிலையாக ஓடினால் சுகமாகப் பறக்கலாம். ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் (கார்டு தரும் ஃப்ரேம் வேகத்துக்கேற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) இருக்க வேண்டும், அது முக்கியம். பல மானிட்டர்களில் அது 48 ஹெர்ட்ஸிலிருந்துதான் வேலை செய்யும், நாமோ அதற்குக் கீழேதான் பெரும்பாலும் ஓட்டுகிறோம். அப்போது ஒவ்வொரு ஃப்ரேமையும் இரண்டு தடவை காட்டிச் சமாளிக்கும் வசதி இருந்தால் சிக்கல் இல்லை, திரையின் உச்ச ஹெர்ட்ஸ் அதிகமாக இருந்தால் அந்த வசதி பொதுவாக இருக்கும். 144 வாங்கச் சொல்வது அதற்காகத்தான்.

ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி, குழப்பமாக இருக்கிறதே?

மூன்றும் திரையின் வகைகள். எந்த நேரத்தில் பறப்பீர்கள் என்று யோசித்தால் குழப்பம் தீரும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டுப் பறப்பவர்களுக்கு விஏ பிடிக்கும். ஐபிஎஸ் திரையின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம்) பொதுவாக 1000:1, விஏ 3000:1 பக்கம் வரும். வங்கக்கடல் மேல் ராத்திரி வரும்போது கடல் கறுப்பாக, கரையில் விளக்குகள் வரிசையாக, அந்தக் காட்சிக்கு விஏ அழகு. ஐபிஎஸ்ஸில் அந்தக் கறுப்பு சாம்பல் பூசியது போல் இருக்கும், மூலைகளில் வெளிச்சம் கசியும். ஆனால் விலை குறைந்த விஏ திரைகளில் இருட்டான பொருள்கள் நகரும்போது பின்னால் கறை போல இழுக்கும். தலையைத் திருப்பும்போது இது தெரியும், சிலருக்குத் தலைவலிகூட வரும்.

பகலில் ஜன்னல் திறந்திருக்கும் அறையில் பறப்பவர்களுக்கும், அதே திரையில் அலுவலக வேலை செய்பவர்களுக்கும் ஐபிஎஸ்.

ஓஎல்இடி படத்தைப் பார்த்தால் மனசு போய்விடும், அது உண்மை. கறுப்பு என்றால் கறுப்பு. ஆனால் காக்பிட் என்பது அசையாத படம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் டெல்லிக்குப் போய்த் திரும்பினால் டாஷ்போர்டின் விளிம்பும் அளவுமானிச் சட்டமும் ஒரே இடத்தில் நிற்கும். தினமும் இப்படியே ஓடினால் திரையில் தடம் விழும் அபாயம் மற்ற விளையாட்டுகளைவிட இங்கே அதிகம். இந்தத் திரைகள் ஓய்வில் இருக்கும்போது தங்களைத் தாங்களே சரிசெய்துகொள்ளும் ஒரு வேலையை ஓட்டும். நம் வீடுகளில் வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்ச்சையும் அணைத்துவிடுகிற நல்ல பழக்கம் உண்டே, அது இதற்கு ஆகாது, அணைத்தால் அந்த வேலை நடக்காது. வீட்டில் அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். அப்புறம், கியூடி-ஓஎல்இடி என்ற வகை ஓஎல்இடி திரைகளில் வெளி வெளிச்சத்தைத் தடுக்கும் போலரைசர் அடுக்கு கிடையாது, நம் ஊர் வெயில் அறைக்குள் அடித்தால் அந்த அழகான கறுப்பு சாம்பல் ஊதாவாகத் தெரியும். கனமான திரைச்சீலை போடத் தயார் என்றால் வாங்கலாம்.

1000ஆர், 1500ஆர், 1800ஆர் என்பது என்ன?

வளைவின் ஆரம், மில்லிமீட்டரில். 1500ஆர் என்றால் ஒன்றரை மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. எண் குறையக் குறைய வளைவு கூடும். 34 அங்குலத்துக்கு 1500 அல்லது 1800 இதமாக இருக்கும். 49-க்கு வளைவு அவசியம், அது தட்டையாக இருந்தால் ஓரங்கள் கண்ணைவிட்டு வெகுதூரம் போய்விடும்.

ஓரங்களில் எல்லாம் இழுத்து நீட்டியது போல் தெரிகிறதே, திரை கோளாறா?

இல்லை, கோளாறு எதுவும் இல்லை. சிமுலேட்டர் உலகத்தைத் தட்டையான ஒரு கண்ணாடி மேல் வரைவது போல வரைகிறது. பார்வைக்கோணத்தை விரிக்க விரிக்க ஓரத்தில் உள்ளவை நீளும். 49 அங்குலத்தில் ஜூமை வெளியே தள்ளி வைத்தால் பக்கத்து ஜன்னல் ஆள் நீளத்துக்குத் தெரியும், இறக்கை ரப்பர் போல் இழுபடும்.

சரி, எவ்வளவு வைக்கலாம்? உங்கள் கண்ணுக்குத் திரை எத்தனை டிகிரி விரிகிறதோ அதே எண்ணை வைத்தால் இழுப்பே தெரியாது, பொருள்களும் அவற்றின் உண்மையான அளவில் இருக்கும். எக்ஸ்-பிளேனில் பக்கவாட்டுப் பார்வைக்கோணத்தை எண்ணாகவே தரலாம். 70 செ.மீ. தூரத்தில் 34 அங்குலம் என்றால் 60. ஆனால் அப்படி வைத்தால் உயரத்தில் காக்பிட் முழுவதும் தெரியாது, ரன்வே தெரிந்தால் டாஷ்போர்டு பாதி போகும். நான் 60-க்கும் 75-க்கும் நடுவில் வைத்துக்கொள்கிறேன். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் இதை ஜூம் அளவைக் கொண்டு கண்ணால் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

இதற்கு மூன்று மானிட்டர் வைக்கலாமே? அல்லது பெரிய டிவி?

மூன்று 27 அங்குல 1440 திரை என்றால் ஒரு கோடியே பத்து லட்சம் பிக்சல், நடுவில் சட்டங்கள், மூன்று கேபிள், அறைச் சூடு. இரண்டு பக்கத் திரைகளையும் சாய்த்து வைத்தால் பக்கவாட்டுக் காட்சி நிஜ ஜன்னல் போலவே இருக்கும், அதில் சந்தேகமில்லை. தனி அறை இருந்தால் செய்யுங்கள்.

டிவியைப் பற்றி மனம் திறந்து சொல்ல வேண்டும். பெரிய விமானம் மட்டுமே ஓட்டுபவர்களுக்கு, அதாவது ஏ320, 737 என்று, 43 அங்குல 4கே டிவி அல்ட்ராவைட்டைவிட நன்றாக அமையலாம். 95 செ.மீ. அகலம், 53 செ.மீ. உயரம். ரன்வே, டாஷ்போர்டு, மேலே உள்ள ஸ்விட்ச் பலகையின் அடி, எல்லாம் ஒரே பார்வையில் வரும். கேம் மோடு இருக்க வேண்டும், எழுத்து கலங்காமல் தெரிகிறதா என்று கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சிறிய விமானம், ஹெலிகாப்டர், டிசிஎஸ் சிமுலேட்டரின் போர் விமானம் என்றால் அகலம்தான் வேண்டும், அங்கே அல்ட்ராவைட்டுக்கு ஈடில்லை.

தலையைத் திருப்பினால் பார்வையும் திரும்ப வேண்டும் என்றால்?

தலை அசைவைப் படிக்க ட்ராக்ஐஆர், டோபி என்று தனிக் கருவிகள் உண்டு. முதலில் இலவச ஓப்பன்ட்ராக் மென்பொருளை ஒரு சாதாரண வெப்கேமோடு போட்டுப் பாருங்கள். அறையில் ஓரளவு வெளிச்சம் இருந்தால் போதும், தலையைக் கொஞ்சம் திருப்பினால் காக்பிட்டில் தோள் வரை திரும்பிப் பார்க்கலாம். 49 அங்குலம் வாங்க இருந்த இரண்டு நண்பர்கள் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு 34-ல் நின்றார்கள். அகலத் திரையில் தலையை அவ்வளவு திருப்பினால் கண் நடுவைவிட்டு விலகிவிடும், அதனால் ஓப்பன்ட்ராக்கில் திருப்பத்தின் வளைகோட்டைச் செங்குத்தாக்கி, சிறு அசைவுக்கே பெரிய திருப்பம் வரும்படி வையுங்கள்.

எந்த கேபிள்?

டிஸ்ப்ளேபோர்ட். பெட்டியோடு வருவதையே போடுங்கள். பழைய ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகிவிட்டு 144 ஹெர்ட்ஸ் வரவில்லை என்று மானிட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு.

கரண்ட் போனால்?

இறங்கும் நேரத்தில்தான் போகும். வீட்டு இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு என்று ஒரு ஸ்விட்ச் பின்னால் இருக்கும், அதில் வைக்காவிட்டால் மாறுகிற இடைவெளியில் கம்ப்யூட்டர் அணைந்து எழும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருப்பது நல்லது. கார்டு முழு வேகத்தில் ஓடும்போது கம்ப்யூட்டர் இழுப்பது கொஞ்சமில்லை, ஃபேன், லைட்டோடு சேர்த்து இன்வெர்ட்டர் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள். நான் கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் தனி யூபிஎஸ் வைத்திருக்கிறேன், பத்து நிமிடம் நின்றால் போதும், விமானத்தை இறக்கிவிடலாம்.

ரிச்சி தெருவா, ஆன்லைனா?

பார்ப்பதற்கு ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகள். விலை இரண்டிலும் கேளுங்கள். விஏ கறையையும் ஓஎல்இடி கறுப்பையும் கண்ணால் பார்க்காமல் முடிவெடுக்க முடியாது, பெரிய ஷோரூம்களில் ஓடவிட்டும் வைத்திருப்பார்கள். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது, அதற்கு முந்தைய விலையை யாராவது சொன்னால் பில்லில் வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை முழுவதும் வீடியோ எடுங்கள். என் இரண்டாவது திரையில் நடுவே ஒரு செத்த பிக்சல், நீலவானத்தில் கறுப்புப் புள்ளியாக எப்போதும் நின்றது, வீடியோ இருந்ததால்தான் மாற்றிக் கொடுத்தார்கள். பிரித்த அன்றே கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையில் போட்டுப் பார்த்துவிடுங்கள். சர்வீஸ் ஆள் வீட்டுக்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதையும் முன்பே கேளுங்கள். 49 அங்குலப் பெட்டி ஆட்டோவில் ஏறாது.

அக்கா பையன் பைலட் ஆகப் படிக்கிறான், அவனுக்கு எது?

சிபிஎல் (வணிக விமானி உரிமம்) வாங்க டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) கேட்கும் 200 மணி நேரப் பறத்தலில் வீட்டு சிமுலேட்டர் மணி சேராது, அதை முதலில் அவனுக்குச் சொல்லிவிடுங்கள். ஆனால் அளவுமானிகளை வரிசையாகக் கண்ணால் சுற்றிப் பார்க்கும் பழக்கம், செக்லிஸ்ட், ரேடியோ வழிகாட்டிகளைப் பிடிப்பது, இதெல்லாம் வீட்டில் நன்றாகக் கைவரும். இதற்கு அகலம் வேண்டாம், எழுத்து தெளிவாகத் தெரிந்தால் போதும். 27 அங்குல 1440 திரை ஒன்று வாங்கிக் கொடுத்து, மிச்சப் பணத்தில் ரட்டர் பெடல் (விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் மிதி) வாங்கிக் கொடுங்கள். அதற்குப் பதில் ஜாய்ஸ்டிக்கைத் திருகியே பழகியவனின் கால், நிஜ செஸ்னாவில் பெடல் மேல் சும்மா கிடக்கும்.